லயத்துக்கு வந்த கலைவாணர்

1957 ஆகஸ்டு 30ஆம் தேதி சென்னையில் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் காலமானார். அன்று நள்ளிரவு கோலாலம்பூரில் பிரிட்டிஷ் கொடி இறங்கியது. புதிய நாட்டின் முதல் மாமன்னர் எங்கள் நெகிரி செம்பிலானை ஆண்ட துவாங்கு அப்துல் ரஹ்மான். இருந்தும் என் பாட்டி மெர்டேக்காவைப் பற்றிப் பேச்செடுத்தால், “கலைவாணர் செத்த மறுநாளு” என்றுதான் ஆரம்பிக்கும். பால்மரம் வெட்டியே காலம் கழித்த ஒரு கிழவிக்கு, எங்கோ இருந்த நடிகரின் சாவு நாட்டின் பிறந்தநாளுக்கே அடையாளமாகிப் போனது எப்படி என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

அந்தக் காலத்தில் ரந்தாவ், சிலியாவ் பக்கத்துத் தோட்டங்களில் திடலில் இரண்டு கம்பம் நட்டு, வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். கிராணிக்கும் மண்டோருக்கும் நாற்காலி. நாங்கள் கோணிச்சாக்கை விரித்துத் தரையில். இடம் கிடைக்காதவர்கள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் இடம் வலம் மாறிப் பார்ப்பார்கள். விடியுமுன் ஆள் எண்ணும் பெரட்டுக்கு நிற்க வேண்டும். ஆனாலும் கடைசி ரீல் ஓடி முடியும்வரை யாரும் எழுந்ததில்லை. என்.எஸ்.கே.யும் அவர் மனைவி டி.ஏ.மதுரமும் வந்துவிட்டால் பெண்கள் பக்கத்தில் எழும் சிரிப்பு ஆயாக்கொட்டகை வரை கேட்கும். புருஷனை மடக்கிக் கேள்வி கேட்கும் மதுரத்தை அவர்களுக்கு அவ்வளவு பிடிக்கும்.

என்.எஸ்.கே. 1908இல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்தவர். வில்லுப்பாட்டிலும் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவிலும் வளர்ந்து, 1936இல் ‘சதிலீலாவதி’யில் திரைக்கு வந்தார். எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம்; இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். கதாநாயகன் இலங்கைக்குத் தப்பிப் போய்த் தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிறான். தமிழ்ப்படம் பேசத் தொடங்கிய ஐந்தே ஆண்டுகளில் தோட்டத் தொழிலாளி திரைக்கு வந்துவிட்டான் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

ஆனால் எங்கள் ஆட்களை அவரோடு இறுகக் கட்டியது ‘நல்லதம்பி’. 1949இல் வந்த படம், எழுதியவர் அண்ணா. ஃபிராங்க் காப்ரா எடுத்த ‘மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்’ என்ற ஹாலிவுட் படம்தான் அதற்கு மூலம். அமெரிக்கக் கதையில் இல்லாத ஒன்றை என்.எஸ்.கே. அதில் வைத்தார்: கிந்தனார் காலட்சேபம். நந்தனார் சிதம்பரம் போக ஏங்கினார். கிந்தன் என்ற சேரிப் பையன் படிக்க ஏங்குகிறான். அடிபடுகிறான், ரயிலேறிப் பட்டணம் போகிறான், படித்துப் பள்ளி இன்ஸ்பெக்டராகத் திரும்பி வருகிறான்.

இதைத் தோட்டத் திடலில் உட்கார்ந்து பார்த்தவர்கள் யார்? 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும். பல இடங்களில் அது ஒற்றை அறை. கங்காணியோ கிராணியோ வாத்தியார். கை கொஞ்சம் வலுத்ததும் பிள்ளை மங்கு துடைக்கப் போய்விடும். சாதியும் இங்கே கப்பலேறி வந்தது. சாதி பார்த்து லயத்தில் வீடு ஒதுக்கிய தோட்டங்கள் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில், அடித்த வாத்தியாரே கைகட்டி நின்று கிந்தனை வரவேற்கும் கட்டம் வரும்போது திடல் சும்மா சிரிக்காது. கைதட்டும், சில தாய்மார் அழுவார்கள். படம் முடிந்து நடக்கையில் என் அப்பா என் தலையில் கைவைத்து, “பாத்தியாடா?” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அதே படத்தில் மதுவிலக்கும் உண்டு. கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே, நிர்வாகத்தின் அனுமதியோடு நடந்த காலம் அது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடையை மூடு என்பதும் அவர்களின் கோரிக்கைகளில் ஒன்று. சம்பளம் வாங்கிய கையோடு எந்த வழியில் போவார்கள் என்று லயத்துப் பெண்களுக்குத் தெரியும். என்.எஸ்.கே. குடிகாரனைக் கேவலப்படுத்தவில்லை, அவனை உட்காரவைத்துப் பேசினார்.

அவர் பட்ட துன்பமும் எங்களுக்கு அந்நியமாக இருக்கவில்லை. பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 டிசம்பரில் கைதானார். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன அந்த வழக்கிலிருந்து 1947இல்தான் விடுதலை. அவர் சிறைக்குப் போன அந்தப் போர்க்காலத்தில், எங்கள் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்ட ஆண்கள் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில்பாதையில் செத்துக்கொண்டிருந்தார்கள். போர் முடிந்து மிஞ்சியவர்கள் திரும்பினார்கள். அவரும் திரும்பி வந்து மறுபடி சிரிக்க வைத்தார்.

அவரை இந்தியாவின் சார்லி சாப்ளின் என்பார்கள். மரியாதைக்குச் சொல்வதுதான், ஆனால் எனக்கு அது போதவில்லை. சாப்ளினின் நாடோடி ஏழையின் வலியைக் காட்டினான். என்.எஸ்.கே. அதோடு நிற்கவில்லை, ஏழையை அறிவாளியாக மதித்து, அவனோடு வாதம் செய்தார். கூலி என்று அழைக்கப்பட்டே பழகியவர்களுக்கு அந்த மதிப்பு பெரிது. உயரமானவனையும் கறுத்தவனையும் ஊனமுற்றவனையும் இழித்துச் சிரிக்கவைக்கும் இன்றைய மேடைகளைப் பார்க்கும்போது, நாம் எவ்வளவு கீழே வந்திருக்கிறோம் என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது.

‘நல்லதம்பி’ இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. தோட்டம் போய்த் தாமானில் குடியிருக்கும் பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், பேரப்பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தக் கிந்தனார் பகுதியை ஒருமுறை போட்டுக் காட்டுங்கள்.