மைக் வாங்குமுன் மெத்தை

போனில் ஒருவருக்கு அழைப்பெடுத்து, தம்புராவை மட்டும் ஒலிக்கவிட்டுப் பேசாமல் இருந்து பாருங்கள். சிறிது நேரத்தில் மறுமுனையில் தம்புரா மங்கிவிடும். மாறாமல் நீளும் ஒலியை ஃபான் இரைச்சலாக எடுத்து அடக்குவதற்கென்றே போனின் மென்பொருளைச் செய்திருக்கிறார்கள். பேச்சுக்கு அது உதவி. சுருதியில் நிற்கும் சங்கீதத்துக்கோ அடித்தளமே பறிபோகிறது. கோவிட் காலத்தில் எங்கள் பிள்ளைகள் பலர் இப்படித்தான் பாட்டுப் படித்தார்கள். ஸூமில் இசைக்கலைஞர்களுக்கென்று தனி ஒலி அமைப்பு ஒன்று இருக்கிறது. அதைத் திறந்துவிட்டால் தம்புரா தப்பும். போனில் பதிவதென்றால், ஒலியளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியை நிறுத்தி, வேவ் கோப்பாகச் சேமிக்கும் செயலி ஒன்றைத் தேடுங்கள். காசு செலவழிக்குமுன் செய்யவேண்டியது இது.

“அண்ணை, மாமா கனடாவிலயிருந்து வாறார். என்ன மைக் கொண்டுவரச் சொல்ல?” யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலை நிறுவனத்தில் படிக்கிறவர்களும், வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்கு ஆயத்தமாகிறவர்களும் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். வீட்டில் பஞ்சு மெத்தை இருக்கிறதா என்று நான் திருப்பிக் கேட்பேன். சீமெந்துச் சுவரும் வழுவழுப்பான நிலமும் கொண்ட சிறிய அறையில் பாடினால் குரல் சுவரில் பட்டு மைக்குக்குத் திரும்பி வரும். விலை கூடிய மைக் அந்த எதிரொலியை இன்னும் தெளிவாகப் பிடிக்கும். அந்த மெத்தையைப் பாடுகிறவரின் முதுகுப்பக்கம் நிமிர்த்தி வையுங்கள். பலர் மைக்குக்குப் பின்னால் வைக்கிறார்கள். மைக் பார்த்துக்கொண்டிருப்பது பாடகரையும் அவருக்குப் பின்னாலுள்ள சுவரையும் அல்லவா? நிலத்தில் பாய், பக்கச் சுவர்களில் மடித்துத் தொங்கவிட்ட பழஞ்சீலைகள். யன்னல், மைக்கின் பின்புறம் இருக்கட்டும்.

மாமா கொண்டுவர வேண்டியது, இரண்டு மைக் செருகக்கூடிய ஒலி இடைமுகப் பெட்டி ஒன்று. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2, பெரிஞ்சர் யூஎம்சி202எச்டி போன்றவை போதும், பழையதென்றாலும் பாதகமில்லை. கூடவே காதை முழுதாக மூடும் ஹெட்போன். மைக்கில் எங்கள் ஒழுங்கைகளுக்குப் பொருந்துவது டைனமிக் வகைதான். ஷூர் எஸ்எம்58 அந்த வகை. 1966 இலிருந்து மேடைகளில் நிற்கிறது. மலிவான கண்டன்சர் மைக்குகள் பார்வைக்கு ஸ்ரூடியோ மைக் போலவே இருக்கும். ஆனால் தோட்டத்தில் இறைக்கிற மோட்டர், பாண்காரரின் ஓட்டோ, அடுத்த வளவுச் சேவல் எல்லாம் அவற்றின் பதிவில் வந்து உட்கார்ந்துவிடும். டைனமிக் மைக் கிட்ட இருப்பதையே கேட்கும்.

மென்பொருளுக்குக் கடன்படத் தேவையில்லை. ஓடாசிட்டி இலவசம். ரீப்பரின் சலுகை உரிமம் 60 டொலர். 2022 தொடக்கத்தில் அது ஏறக்குறைய 12,000 ரூபாய். அதே ஆண்டு மே மாதத்தில் 21,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. டொலர் விலையைப் பார்த்துக்கொண்டே கருவி வாங்கும் நிலையில் உள்ள பிள்ளைக்கு ஓடாசிட்டி தாராளம்.

எங்கள் வாத்தியங்களைப் பதிவது எப்படி என்று கித்தாருக்கும் பியானோவுக்கும் எழுதிய கைநூல்கள் சொல்வதில்லை. மிருதங்கத்தில் வலந்தலைக்குக் கிட்ட மைக்கை வைத்தால் தொப்பியின் கும்காரம் காணாமல் போகும். ஒரு மைக்தான் என்றால் வாசிப்பவருக்கு நேர் முன்னால், இரண்டு அடி தள்ளி, நடுவில் வையுங்கள். நாதஸ்வரத்தில் ஒலி அணசால் மட்டும் வருவதில்லை, விரல் துளைகளாலும் வருகிறது. அணசுக்கு நேரே மைக்கை நீட்டினால் சில சுரங்கள் வெடிக்கும், சில மெலியும். நாலைந்து அடி தள்ளி, குழலின் நடுப்பகுதியைப் பார்த்து வைத்தால் சமப்படும். தவிலை அறைக்குள் பதியவே வேண்டாம். இணுவிலிலும் அளவெட்டியிலும் பெரிய வளவுகள் இருக்கின்றன. மாமரத்துக்குக் கீழே, சுவரே இல்லாத இடத்தில் தவில் தன் முழு உருவத்தோடு கேட்கும். அந்த முழக்கத்தில் காகம் கரைந்தாலும் தெரியாது. எந்த வாத்தியமானாலும் உச்ச அளவு மைனஸ் 12 டெசிபெலுக்கு மேலே போகாமல் பாருங்கள்.

சுருதியை ஹெட்போனின் ஒரு பக்கத்தில் மட்டும் கேட்டு, மறு காதைத் திறந்து வைத்துப் பாடலாம். ஆனால் பாட்டையும் மிருதங்கத்தையும் வெவ்வேறு நாளில், மெட்ரோனோம் தட்டலுக்குப் பதிந்து ஒட்டவைப்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை. காலப்பிரமாணம் இருவர் ஒருவரையொருவர் பார்த்துப் பிடிப்பது. ஒரே அறையில், இரண்டு மைக்கில், ஒரே மூச்சில் பதியுங்கள். ஒன்றின் ஒலி மற்றதில் கொஞ்சம் கலந்தாலும் இருக்கட்டும்.

பதிவில் ‘ஊம்’ என்று 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் வந்தால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றுங்கள். பெரும்பாலும் நின்றுவிடும். மேலே சொன்ன ஒலி இடைமுகப் பெட்டிகள் மடிக்கணினியிலிருந்தே மின்சாரம் எடுப்பதால் கரண்ட் போனாலும் வேலை நிற்காது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. ஃபான் இல்லை, மோட்டர் இல்லை, கோயில் ஒலிபெருக்கி இல்லை. அந்த வெக்கையிலும் பாட வந்த பிள்ளைகளின் குரல், அதற்கு முன் எனக்குக் கிடைக்காத அமைதியில் பதிவானது.

வெட்டி ஒட்டுமுன் மூலப் பதிவை அப்படியே வேறொரு இடத்தில் வையுங்கள். 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸில் இரண்டு தடங்கள் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிகாபைட்தான். அதைக் காப்பது வீணாகாது: தவில் மேதை தட்சிணாமூர்த்தி 1975 இல் மறைந்தார். பின்னால் பிறந்த நாங்கள் அவரை ஒலிப்பதிவில்தான் கேட்கிறோம். பழைய பதிவுகள் கைமாறி வரும்போது எந்தக் கோயில், எந்த ஆண்டு, கூட வாசித்தவர் யார் என்ற விபரங்கள் பல நேரம் கூட வருவதில்லை. கோப்புக்குப் பெயர் வைப்பதை நம்பாதீர்கள், பெயர் மாறிவிடும். பதிவு தொடங்கியதும் வாயால் சொல்லுங்கள்: இடம், திகதி, ராகம், தாளம், சுருதி எத்தனை கட்டை, வாசிக்கிறவர்களின் முழுப்பெயர்கள். அதற்குப் பிறகு பாடத் தொடங்கலாம்.