முதல் இரவு

விளையாட்டைக் கற்பித்தல் அதன் விதிகளைச் சொல்லிக்கொடுத்தலே என்று பலரும் கருதுவர். 2011இல் முழுமையாக வெளிவந்த மைன்கிராப்ட் என்னும் கணினி விளையாட்டோ, பரந்த நிலமொன்றிலே ஆடுவோரை விட்டுவிட்டு, இன்னது செய்க என்று கூறாது நிற்கின்றது. விடுமுறைகளில் தர்மபுரத்து அயற் சிறுவர்க்கு இதனைக் கைத்தொலைபேசியிற் பழக்கி வருகின்றேன்.

நான் கூறுவன சிலவே. பகற்பொழுது பத்து நிமிடம். அதற்குள் மரந்தறித்துப் பலகையாக்கு. மரப் பிக்கானாற் கல்லெடு. இருளுமுன் சுவரெழுப்பிப் பந்தங் கொளுத்து. நின்ற இடத்தை நேர்கீழாக அகழாதே. முதல் இரவைக் கடக்க இவை போதும். பின்னர், “இனி என்ன செய்யிறது, அக்கா?” என்று கேட்பின் மௌனமே என் விடை.

அம்மௌனம் எளிதன்று. கருவியை வாங்கி நாமே வீட்டைக் கட்டிமுடிக்க மனம் உந்தும். ஆயினும் பொறுத்திருந்தபோது, ஒரு சிறுவன் வீட்டுக்கு முன்னரே குளம் வெட்டிக் கோதுமை வயலுக்கு நீர் பாய்ச்சினான். வன்னி மண்ணின் பிள்ளை வேறெதனை முதலில் எண்ணுவான்?

1977 வன்செயலின்பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்தோர்க்கும் முதலில் வேண்டியிருந்தவை கூரையும் நெருப்புமே. ஒப்புமை அவ்வளவில் முடிகின்றது: விளையாட்டில் மாண்டவன் மீண்டும் எழுவான், காட்டில் அவ்வாறில்லை. அதனாலேயே விளையாட்டு கற்றலுக்கு உகந்த களமாகின்றது; அங்கே தவறுதற்கு இடமுண்டு.

விரிவுரைக் குறிப்புகளை மனனஞ்செய்து ஒப்புவித்தே பழகிய எமக்கு, முதல் இரவுக்கு வேண்டியதைத் தந்து விலகி நிற்கும் ஆசிரியரும் வேண்டும்.