சுணக்கம்



நேற்று நாளிதழில் 'சாலைப் பணியில் சுணக்கம்' என்று ஒரு தலைப்பு பார்த்தேன். என்றோ நான் எழுதிய ஒரு வரி நினைவுக்கு வந்துவிட்டது.

சுணங்குதல் என்ற வினைக்கு எங்கள் திருநெல்வேலிப் பக்கம் இரண்டு பொருள். ஒன்று, உடம்பு வாடிச் சோர்வது. கோழி இறகைத் தொங்கவிட்டு மூலையில் நின்றால் 'கோழி சொணங்குது' என்பார்கள். காய்ச்சல் இருக்காது, இன்ன நோய் என்றும் சொல்லத் தெரியாது, ஆனால் குழந்தை விளையாடப் போகாமல் மடியிலேயே கிடக்கும். 'பிள்ள சொணங்கிட்டான்' என்பார்கள். மற்றொன்று தாமதம், தயக்கம், மனமில்லாமல் இழுத்தடிப்பது. நாளிதழும் அலுவலகக் கோப்பும் எடுத்துக்கொண்டது இந்த இரண்டாவதைத்தான். (சங்கப் பாடல்களில் வரும் சுணங்கு வேறு. அது பெண்களின் மேனியில் படரும் தேமல்.)

1989-ஆம் ஆண்டு. ஆறாம் வகுப்பில் ஒரு பையன். கடைசி பெஞ்சில் தலையைச் சாய்த்தே உட்கார்ந்திருப்பான். இரண்டு முறை பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்தேன். காலாண்டு ரேங்க் கார்டில் 'படிப்பில் சுணக்கம் காட்டுகிறான்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

மறுநாள் அவன் அம்மா பீடிக் கட்டோடு பள்ளிக்கூட வாசலில் நின்றார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்றே நினைத்தேன்.

"சார், மூத்தவ வாசிச்சுச் சொன்னா. பிள்ள சொணக்கமா இருக்கான்னு எழுதியிருக்கீங்களாம். மூணு மாசமா நானும் சொல்லுதேன், ஒருத்தரும் காதுல போட்டுக்கிடல. நீங்கதான் சார் கண்டுபிடிச்சீங்க."

கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குப் பேச்சு வரவில்லை.

அதன் பிறகுதான் அவனை அருகில் அழைத்து முகத்தைப் பார்த்தேன். உதடும் நகமும் வெளுத்திருந்தன. அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனோம். கொக்கிப் புழு, அதனால் ரத்தசோகை என்றார்கள். வெறுங்காலோடு நடக்கும் பிள்ளைகளின் தோல் வழியாக நுழைந்து, குடலில் தங்கி ரத்தம் குடிக்கும் புழு அது. பூச்சி மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். அரையாண்டு விடுமுறை முடிந்து வந்தவன் மைதானத்தை விட்டு வகுப்புக்குள் வர மறுத்தான். திட்டவும் மனம் வரவில்லை.

இன்று பிப்ரவரி 10 குடற்புழு நீக்க நாள் என்று 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு அல்பெண்டசோல் கொடுக்கிறார்கள். நல்ல காரியம். பள்ளியில் கொடுத்தால் வாங்காமல் விட்டுவிடாதீர்கள்.

அந்தத் தாய் புரிந்துகொண்ட பொருளில் நான் அதை எழுதவில்லை என்று அவரிடம் கடைசி வரை சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை எந்தப் பிள்ளையின் அட்டையிலும் அந்தச் சொல்லை எழுதியதில்லை. எழுதத் தோன்றும்போதெல்லாம், முதலில் பிள்ளையைக் கூப்பிட்டுக் காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன்.

உங்கள் ஊரில் இதற்கு என்ன சொல்வீர்கள்? எழுதுங்கள்.