பெயர் சொல்லாத கலகம்

எதிர்ப்பரசியலைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்குக் குராசான்தான் நினைவுக்கு வருகிறது. 747இல் அபூ முஸ்லிம் அங்கே கறுப்புக் கொடியை உயர்த்தியபோது, உமைய்யாக்களுக்குப் பதிலாக ஆளப்போவது யார் என்று வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. நபியின் குடும்பத்தில் அனைவருக்கும் உகந்த ஒருவர் என்பது மட்டுமே அறைகூவல். 740இல் கூஃபாவில் கொல்லப்பட்ட ஸைத் இப்னு அலீக்காகத் துயருற்றவர்களும், இஸ்லாத்தைத் தழுவிய பின்னும் ஜிஸ்யா வரி கேட்கப்பட்டிருந்த அரபியரல்லாதாரும் அந்த வெற்றிடத்தில் தத்தம் நம்பிக்கையை எழுதிக்கொண்டார்கள்.

750இல் ஸாப் நதிக்கரையில் உமைய்யாக்களின் படை சிதறியது. ஆனால் கலீஃபாவானவர் அலீயின் வழித்தோன்றல் அல்லர். அப்பாஸின் வழிவந்த அஸ்ஸஃப்பாஹ். அவருக்குப் பின்வந்த மன்சூர், 755இல் அபூ முஸ்லிமையே கொல்வித்தார். 762இல் மதீனாவில் எழுந்த, அலீயின் வழிவந்த முஹம்மது நஃப்ஸுஸ் ஸகிய்யாவையும் அவருடைய படை கொன்றது.

இதை வெறும் வஞ்சகம் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். இன்று அப்படித் தோன்றவில்லை. பெயரைச் சொல்லியிருந்தால் அத்தனை பேரும் ஒன்றுசேர்ந்திருக்க மாட்டார்கள். சொல்லாததால் வென்றார்கள், சொல்லாததாலேயே பலர் இழந்தார்கள். யாரை வீழ்த்துவது என்பதில் மட்டும் ஒன்றுபட்ட கூட்டத்தில் நிற்கையில், யாருக்காக என்று கேட்கக் கூசும் என் மௌனத்தையே இப்போது அஞ்சுகிறேன்.