பெயிண்ட்பால்: பளபளப்பும் சரக்கும்

1981 ஜூன் 27. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹெனிக்கர்னு ஒரு சின்ன ஊர். பன்னிரண்டு பேர் காட்டுக்குள்ளே போய் முதல் பெயிண்ட்பால் ஆட்டத்தை ஆடினாங்க. கையில் இருந்தது நெல்ஸ்பாட் 007. வெட்ட வேண்டிய மரத்துக்கும், பண்ணை மாட்டுக்கும் தூரத்தில் நின்னு அடையாளம் போடறதுக்கான கருவி அது. ஒவ்வொரு தடவையும் கையால இழுத்து விட்டாத்தான் அடுத்த குண்டு. அன்னிக்கு ஜெயிச்சவர் ரிச்சி ஒயிட்னு காட்டுத் தொழில் தெரிஞ்ச ஒருத்தர். சத்தமில்லாம எல்லாக் கொடியையும் எடுத்துட்டு வெளியே வந்துட்டார். எத்தனை குண்டு சுட்டார்னு நினைக்கறீங்க? ஒண்ணுகூட இல்லை!

இந்த விளையாட்டுக்குச் சாமான் விக்கிறவங்க இந்தக் கதையை அவ்வளவா சொல்ல மாட்டாங்க. சொன்னா வியாபாரம் என்ன ஆகறது?

சரி, மேட்டருக்கு வருவோம். புனேயில் எங்க குடியிருப்பில் பதினோரு தமிழ்க் குடும்பம். பொங்கல் லீவுக்கு எல்லாரும் சேர்ந்து எங்காவது போகணும்னு பேச்சு வந்தது. அக்கா பையன் இங்கேதான் இன்ஜினியரிங் படிக்கிறான், எங்க வீட்டில் தங்கி. அவன் ஒரு வண்ண நோட்டீஸை நீட்டினான். "மாமா, இங்கே போகலாம். இம்போர்ட்டட் கன், ஸ்னைப்பர் பேரல், மத்த இடத்தைவிட டபுள் ரேஞ்ச்!"

நான் வேலை பார்க்கிறது வாகன உதிரிபாகக் கம்பெனியில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் வெர்னியரும் கேஜும்தான். சப்ளையர் என்ன சொன்னாலும் 'அளந்து காட்டு'ன்னு கேட்கிற வியாதி வீட்டிலேயும் தொத்திக்கிச்சு. தங்கமணி கத்தரிக்காய் வாங்கி வந்தாக்கூட ரெண்டு சாம்பிள் எடுத்துப் பார்ப்பேன் (திட்டும் வாங்குவேன்). 'டபுள் ரேஞ்ச்'னதும் கை அரிச்சுது.

கணக்கு ரொம்ப எளிசு. பெயிண்ட்பால் குண்டு 0.68 அங்குல விட்டம், நம்ம அளவில் 17.3 மில்லிமீட்டர். எடை ஏறக்குறைய 3 கிராம். வேகத்துக்கு உச்சவரம்பு நொடிக்கு 300 அடி, அதாவது மணிக்கு 329 கிலோமீட்டர். 2003 உலகக்கோப்பையில் ஷோயப் அக்தர் போட்ட 161.3 கிலோமீட்டர் பந்தைப் போல ரெண்டு மடங்கு. பல மைதானங்களில் பாதுகாப்புக்காக 280 அடிக்குக் குறைச்சு வெப்பாங்க. இப்ப யோசிங்க. அதே குண்டு, அதே எடை, அதே வேகம், அதே கோணம். அப்புறம் எந்தத் துப்பாக்கியிலிருந்து வந்தா என்ன, தூரமும் அதேதான். டபுள் ரேஞ்ச் எங்கிருந்து வரும்? வேகத்தைக் கூட்டினாத்தான் வரும். கூட்டினா அது விளையாட்டு இல்லை, விபரீதம்.

விதிவிலக்கும் உண்டு, மறைக்கக் கூடாது. டிப்மேன் கம்பெனியின் ஃபிளாட்லைன் பேரல் வளைஞ்சிருக்கும். குண்டுக்குப் பின்சுழற்சி கொடுக்கும், அதனால கொஞ்சம் கூடுதல் தூரம் மிதந்து போகும். ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக்னு வால் சிறகு வெச்ச குண்டும் உண்டு, அது நிஜமாவே நேராப் போகும். ரெண்டிலேயும் மாறினது குண்டு காத்துல போற விதம். துப்பாக்கிக்குக் கறுப்பு பெயிண்ட் அடிச்சு 'ஸ்னைப்பர்'னு ஸ்டிக்கர் ஒட்டறதால அது நடக்காது.

அடுத்தது நீளமான பேரல். நிஜத் துப்பாக்கியில் குழாய்க்குள்ளே திருகு வரி இருக்கும். அது தோட்டாவைச் சுழல விட்டு நேராப் போக வைக்கும். பெயிண்ட்பால் பேரல் உள்ளே வழவழன்னு இருக்கும். குண்டோ திரவம் நிரப்பின ஜெலட்டின் உருண்டை, நடுவில் ரெண்டு பாதியும் ஒட்டின தையல். இலக்கில்லாம ஒரு சுழற்சி ஒட்டிக்கிட்டா எந்தப் பக்கம் வளையும்னு சுட்டவனுக்கே தெரியாது. முதல் எட்டு அங்குலம் வாக்கிலேயே வேகம் பெரும்பாலும் கிடைச்சிடுது. அதுக்கு மேல நீளத்தால சத்தம் கொஞ்சம் குறையும், பார்க்க ஜோரா இருக்கும், அவ்வளவுதான்.

1990-களில் அமெரிக்க ஆட்டக்காரங்க நடுவில் பெரிய சண்டை நடந்தது. போல்ட் மூடின நிலையிலிருந்து சுடற துப்பாக்கிதான் குறி தப்பாதுன்னு ஒரு கட்சி, இல்லைன்னு ஒரு கட்சி. ஆட்டோமேக் துப்பாக்கியை வடிவமைச்ச டாம் கே, துப்பாக்கியை அசையாமப் பிடிக்கிற சாதனத்தில் மாட்டிச் சுட்டுப் பார்த்தார். சொல்லும்படியா வித்தியாசம் இல்லை. தர்க்கம் பண்றதை விட்டுட்டு அளந்து பார்த்த அந்த மனுஷன் நம்ம ஜாதி!

அப்ப விலை கூடின சாமான் எல்லாம் ஏமாத்தா? அப்படியும் இல்லை. நல்ல ரெகுலேட்டர் இருந்தா ஒவ்வொரு குண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வரும். நல்ல துப்பாக்கி குண்டை உள்ளேயே நசுக்காது. 1998-ல் வந்த டிப்மேன் மாடல் 98-ஐப் பாருங்க. அழகுன்னு சொல்ல முடியாது, கனம் வேற. ஆனா மண்ணு, மழை, முரட்டுக் கை எல்லாத்தையும் தாங்கும். வாடகைக்கு விடற மைதானங்கள் உலகம் பூரா அதைத் தேடி வாங்கினது அதனாலதான்.

உண்மையில் குறியைத் தீர்மானிக்கிறது யாரும் விளம்பரம் பண்ணாத சாமான், குண்டு. மீன் எண்ணெய் மாத்திரை உறை மாதிரியேதான் இதோட உறையும். ஈரம் பட்டா ஊதும், வெயிலில் வெச்சா இளகும், ஒரே பக்கமா ரொம்ப நாள் கிடந்தா தட்டையாகும். புனே மழைக்காலத்தில் மூடாம வெச்ச பாக்கெட் என்ன கதியாகும்னு சொல்ல வேண்டியதில்லை.

பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை அக்கா பையனையும் கூட்டிக்கிட்டு ரெண்டு மைதானத்துக்குப் போனேன்.

முதல்ல நோட்டீஸ்காரர் இடம். வாசலில் பெரிய பேனர், உள்ளே பாட்டு, சுவரில் வரிசையா பளபளக்கிற துப்பாக்கிகள். நான் முகமூடியைக் கேட்டேன். ஒரு பிளாஸ்டிக் கூடையிலிருந்து எடுத்துக் கொடுத்தாங்க. லென்ஸ் முழுக்கக் கீறல். நெத்தியில் படற ஸ்பாஞ்ச் கிழிஞ்சிருந்தது. எலாஸ்டிக் தொளதொளன்னு. தரமுத்திரை எதுவும் இல்லை. "வேகம் அளக்கிற கருவி எங்கே?"ன்னு கேட்டேன். "சார், கம்பெனி செட்டிங்லயே வருது, டென்ஷன் ஆகாதீங்க"ன்னார்.

ரெண்டாவது இடம் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி. போர்டுகூட மங்கிப் போச்சு. அடி வாங்கின பழைய மாடல் 98-கள். ஆனா ஒரு பெரியவர் உட்கார்ந்து துப்பாக்கி ஒவ்வொண்ணையும் க்ரோனோகிராஃபில் சுட்டுப் பார்த்து நோட்டில் வேகத்தை எழுதிக்கிட்டிருந்தார். லென்ஸில் ஏஎஸ்டிஎம் எஃப்1776 முத்திரை இருந்தது. பெயிண்ட்பால் முகமூடிக்கான அமெரிக்கத் தரம் அது. "லென்ஸ் எப்ப மாத்தினீங்க?"ன்னேன். நோட்டைத் திருப்பிக் காட்டினார். "களத்துக்குள்ளே யாராவது முகமூடியைக் கழட்டினா ஆட்டத்தை நிறுத்திடுவேன், பணம் திருப்பித் தர மாட்டேன்"னு கொஞ்சம் கோபமாவே சொன்னார். எனக்கு மனசு குளிர்ந்து போச்சு.

திரும்பி வரும்போது அக்கா பையனுக்கு முகமே சரியில்லை. "மாமா, ஃப்ரெண்ட்ஸ்கிட்ட அந்த கன் பத்திச் சொல்லிட்டேன். இது டப்பா மாதிரி இருக்கு."

"டேய், உடம்பில் அடிபட்டா ஒரு வாரம் நீலமா இருக்கும், போயிடும். கண்ணு? வரப் போறது எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பசங்க. அவங்க அம்மாக்கள் நம்மளை நம்பி அனுப்பறாங்க"ன்னேன். அவன் பதில் பேசலை. ராத்திரி அவனே குடியிருப்பு குழுவுக்கு ரெண்டாவது இடத்தோட வழியை அனுப்பினான்.

அன்னிக்கு ஆட்டத்தில் பக்கத்து வீட்டுப் பொண்ணு மரத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தா. நேரா இடது கண்ணு மேலேயே ஒரு குண்டு. லென்ஸ் முழுக்க மஞ்சள் வழிஞ்சுது. அவ அம்மா அலறிக்கிட்டு ஓட, பெரியவர் விசிலடிச்சு எல்லாரையும் நிறுத்தி, வெளியே கூட்டிட்டு வந்தப்புறம்தான் முகமூடியைக் கழட்ட விட்டார். "ஒண்ணும் ஆகலை ஆன்ட்டி, நான் அவுட்டா?"ன்னு என் தங்கமணியைப் பார்த்துக் கேட்டுச்சு குழந்தை. பெரியவர் அந்த லென்ஸை அங்கேயே கழட்டித் தனியா வெச்சார். பக்கத்திலிருந்து அடி வாங்கினதைத் திரும்ப மாட்டக் கூடாதாம்.

உங்க ஊரில் ஆபீஸ் அவுட்டிங்னோ பிறந்தநாள்னோ பசங்களைக் கூட்டிப் போறீங்கன்னா இவ்வளவு மட்டும் பாருங்க:

1. முகமூடியை முதலில் கேளுங்க. கீறல், விரிசல், தளர்ந்த எலாஸ்டிக் இருந்தா திரும்பி வந்துடுங்க. சாதாரண வெயில் கண்ணாடி, தொழிற்சாலைக் கண்ணாடி எதுவும் இதுக்கு ஆகாது.

2. உங்க கண் முன்னால வேகத்தை அளக்கச் சொல்லுங்க.

3. ஆடாதப்போ பேரல் வாயில் துணி உறை மாட்டறாங்களான்னு பாருங்க.

4. நாலு குண்டை உள்ளங்கையில் உருட்டிப் பாருங்க. பள்ளமோ பிசுபிசுப்போ இருந்தா பழைய சரக்கு.

5. துப்பாக்கி எப்படி இருக்குன்னு கடைசியாப் பார்த்தாப் போதும்.

டிஸ்கி: "உள்ளே இருக்கிற கலர் வாயில் போனா என்ன?"ன்னு எதிர் வீட்டு மாமி கேட்டாங்க. அது பெரும்பாலும் பாலிஎத்திலீன் கிளைக்கால், மருந்துகளிலேயும் சேர்க்கிறதுதான். பயப்பட வேண்டாம், தண்ணியில் கழுவினாப் போயிடும். ஆனா உறை ஜெலட்டின், மாடு பன்றி மாதிரி விலங்கிலிருந்து எடுக்கிறது. சுத்த சைவக்காரங்க வாயை மூடிக்கிட்டு ஆடறது நல்லது!