அம்மம்மாவின் வெள்ளைச் சேலை

மேல்நாட்டு நூல்களைப் படிக்கும் நம் மாணவர் இலையுதிர்காலம் என்றொரு பருவம் உண்டென்பதை அறிவர். மரங்கள் பொன்னிறங் கொண்டு இலையுதிர்க்கும் அக்காலத்திலே, ஒக்டோபர் 31ஆம் நாளன்று, சிறுவர் விதவிதமான வேடம் புனைந்து வீடு வீடாகச் சென்று இனிப்புக் கேட்பர். தாய்மாரோ குளிருக்கு இதமாகச் சூடான பண்டங்களை ஆக்கி வைத்துப் பிள்ளைகளை எதிர்பார்த்திருப்பர்.

மட்டக்களப்பு வாவிக்கரையிலே இலையுதிர்காலம் என்பது இல்லை. ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த பருவத்தைப் பண்டைத் தமிழர் கூதிர் என்றனர். எங்கள் ஊரார் அதனை மாரி என்ற சொல்லுக்குள் அடக்கிவிடுவர். மாரியிலும் இரவின் வெப்பநிலை வெகுவாக இறங்குவது அரிது. இதனைக் குளிர் என்றால் மேல்நாட்டார் நகைப்பர். ஆயினும் நாட்கணக்காக மழை விடாது பெய்து, சுவரும் தரையும் பாயும் தலையணையும் ஈரமாகி, வாவியிலிருந்து காற்றும் வீசும்போது எங்களுக்கு அது குளிர்தான். பிள்ளைகளுக்கு வேடம் புனைவதும், அடுப்படியிலே சூடாக எதையேனும் ஆக்குவதும் எங்களுக்கும் இப்பருவத்துக்கே உரியவை. சரஸ்வதி பூசைக்குப் பிள்ளையை அலங்கரித்த கை, ஒன்றிரண்டு மாதம் கழியுமுன் அதே பிள்ளைக்குக் கஞ்சி ஊற்றும்.

அவ்வாறு அலங்கரித்துக் கஞ்சியும் ஊற்றிய ஒரு கையைப் பற்றியே இங்கு எழுதுகின்றேன்.

எங்கள் ஊர் எழுவான்கரையிலே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல் நிலத்தில் இருக்கின்றது. வயலோ வாவிக்கு அப்பால், படுவான்கரையில். அந்நாளிலே மண்முனைத்துறையில் பாலம் இல்லை. 2014ஆம் ஆண்டிலேதான் அது திறக்கப்பட்டது. நாங்கள் ‘பாதை’ என்று வழங்கும் மிதவையிலேறி அப்பா வயலுக்குப் போய் வருவார். மட்டக்களப்பிலே வீடு பெண்ணுக்குரியது. தாயிடமிருந்து மகளுக்கு வருவது. ஆகவே நாங்கள் இருந்த வீடு அம்மம்மா அம்மாவுக்குக் கொடுத்த வீடு. கொடுத்துவிட்டாலும் அடுப்படியின் ஆட்சியை அம்மம்மா விட்டுக்கொடுக்கவில்லை. வீட்டுக் காசு அவர் இடுப்பிலே செருகிய சுருக்குப் பையில் இருந்தது.

புரட்டாதி பிறந்ததும் அம்மம்மாவுக்கு ஓய்வில்லை. நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்தி, அரிசியைப் பெரிய மண்சாடியில் நிரப்பித் துணியால் வாய்கட்டிக் களிமண் பூசுவார். பலாக்கொட்டைகளை மணலிலே புதைத்து வைப்பார். வாவியில் பிடித்த மணலை மீனைக் கருவாடாக்கி அடுப்புக்கு மேலே தொங்கவிடுவார். விறகும் உப்பும் செத்தல் மிளகாயும் மண்ணெண்ணெயும் வாங்கிச் சேர்ப்பார். மாரி வெள்ளாண்மைக்கு விதைப்புச் செலவு வருவதும் இக்காலத்திலேதான். அடுத்த அறுவடை தை, மாசியிலேதான் கிடைக்கும். கையிலிருந்த காசு வயலுக்குப் போக, எஞ்சிய சிறு தொகையைக் கொண்டே மாரி முழுவதையும் கடக்கவேண்டும்.

1978ஆம் ஆண்டிலே எனக்கு வயது ஒன்பது. சரஸ்வதி பூசைக்குப் பாடசாலையில் முப்பெருந்தேவியர் நாடகம் ஒன்றை ஆசிரியர்கள் ஒழுங்கு செய்தனர். சரஸ்வதியாக என்னைத் தெரிந்தனர். வெள்ளைப் பட்டுப் பாவாடையும் தாவணியும் வேண்டும். அம்மா நாற்பது ரூபாவை இதற்கென ஒதுக்கியிருந்தார். கல்லடிப் பாலத்தைக் கடந்து பட்டணத்துக் கடைக்குப் போகும் நாளை நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். அதற்கிடையில் ஒருநாள் பெய்த மழை எங்கள் கூரையின் ஓட்டைகளைக் காட்டிவிட்டது. அம்மம்மா அந்த நாற்பது ரூபாவுக்குக் கிடுகு வாங்கினார்.

“மனே, பட்டு நனைஞ்சா காயும். அரிசி நனைஞ்சா என்ன செய்யிற?” என்று கேட்டார்.

நான் இரண்டு நாள் அவருடன் பேசவில்லை. மூன்றாம் நாள் இரவு விழித்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்மம்மா தம்முடைய தகரப் பெட்டியைத் திறந்து, சிவப்புக் கூறைச் சேலையை மடியில் விரித்து, அதன் சரிகைக் கரையை ஊசி முனையால் பிரித்துக்கொண்டிருந்தார். அம்மப்பா இறந்து பதினொரு ஆண்டுகளாக அவர் உடுத்தது வெள்ளைச் சேலைதான். அவற்றுள் புதியது ஒன்றை வெட்டிப் பாவாடையும் தாவணியுமாகத் தைத்து, அந்தச் சரிகையை அதன் கரையிலே வைத்துத் தைத்துவிட்டார். தூரத்தே நின்று பார்த்தால் பட்டென்றே தோன்றும். கடதாசி மட்டையில் வீணையும், வெள்ளித்தாள் ஒட்டிய கிரீடமும் அப்பா செய்து தந்தார்.

நாடகத்தன்று மண்டபத்தின் பின்புறத்திலே எங்களுக்கு அரிதாரம் பூசினர். அப்போது உறவினரான மாமி ஒருவர் என் பாவாடையைத் தொட்டுப் பார்த்து, கைம்பெண்ணின் சேலையைப் பிள்ளைக்கு உடுத்தலாமா என்று அருகிலிருந்தவரிடம் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், ஆயினும் எல்லோருக்கும் கேட்டது. இலக்குமி வேடமிட்ட தோழி, “இது ஆருட சேலை?” என்று என்னிடம் கேட்டாள். நான் தலைநிமிர்ந்து, “கடையில வாங்கின பட்டு” என்றேன். திரும்பியபோது, கையிலே மல்லிகைச் சரத்துடன் அம்மம்மா வாசலில் நின்றார். சரத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போனார். நாடகத்தை அவர் பார்க்கவில்லை.

வெண்டாமரையில் வீற்றிருக்கும் தேவிக்கும் வெள்ளைதான், கணவனை இழந்தவளுக்கும் வெள்ளைதான் என்ற எண்ணம் அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை. பொய் சொன்னேன் என்பது மாத்திரம் தெரிந்தது. அதனை எவ்வாறு திருத்துவது என்பது தெரியவில்லை. அம்மம்மா அதுபற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. தீபாவளிக்கு எனக்குச் சீத்தைச் சட்டை வந்தது. மாரியும் வந்தது. வழமைபோல் மாலையில் கொத்தமல்லிக் கோப்பியும், இரவில் சுடுபிட்டும் இறால் குழம்பும் தந்தார். நான் உண்டேன். மன்னிப்புக் கேட்க ஒவ்வொரு நாளும் நினைத்தேன், கேட்கவில்லை.

நவம்பர் 23ஆம் நாள் வியாழக்கிழமை. அன்று மாலை எழுந்த காற்று இரவிலே சூறாவளியாயிற்று. ஏறத்தாழ 900 உயிர்களைப் பலிகொண்டு, பத்து இலட்சம் மக்களை அல்லற்படுத்திய அந்த இரவைப் பற்றி மட்டக்களப்பிலே முதியோர் இன்றும் பேசுவர். எங்கள் வீட்டிலே முதலிற் பறந்தது, என் பட்டுக்குப் பதிலாக வாங்கிய அந்தப் புதுக் கிடுகுக் கூரைதான். சுவர் சரியத் தொடங்கியதும் அப்பா எங்களைப் பாடசாலைக்கு இழுத்துச் சென்றார். தகரப் பெட்டிக்குள் இருந்தவை மாத்திரமே நனையாதிருந்தன. அம்மம்மா அதனைத் திறந்து, கையிலகப்பட்ட வெள்ளைப் பாவாடையையும் தாவணியையும் என்மீது சுற்றி, அதன்மேல் ஒரு சாக்கைப் போர்த்தார். தென்னைகள் முறிந்து விழும் ஓசையினூடே நாங்கள் எவ்வாறு போய்ச் சேர்ந்தோம் என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை.

பாடசாலையில் ஒரேயொரு கட்டிடத்துக்கே கூரை எஞ்சியிருந்தது. நாடகம் நடந்த மண்டபம் அதுதான். விடிந்தபோது உள்ளே நூற்றுக்கு மேற்பட்டோர் ஒடுங்கிக் கிடந்தோம். அயலூரிலிருந்து தஞ்சம் புகுந்த முஸ்லிம் தாய் ஒருவர், சில மாதங்களேயான குழந்தையை ஈரச் சேலைக்குள் வைத்திருந்தார். குழந்தை அழுது அழுது குரல் அற்றுப்போயிருந்தது. அம்மம்மா அதனைப் பார்த்தார். பின்னர் என்னைப் பார்த்தார்.

“மனே, குடுப்பமா?”

சாக்கின் கீழே நனையாதிருந்த தாவணியை அவிழ்த்துக் கொடுத்தேன். குழந்தையைச் சுற்றிக்கொண்டே அந்தத் தாய், சரிகையைத் தடவிப் பார்த்து, “நல்ல சேலை. ஆருட, மகள்?” என்று கேட்டார்.

“எங்கட அம்மம்மாட சேலை. அவதான் தைச்சவ” என்றேன். மண்டபத்திலிருந்த எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னேன். அந்த மாமியும் அங்கே இருந்தார். அம்மம்மா என் தலையிலே ஒருமுறை கைவைத்துவிட்டு, “அடுப்பு மூட்டணும்” என்று எழுந்தார்.

இடிந்த வீட்டுக்குப் போய் அப்பாவும் வேறு இருவரும் மண்சாடியைத் தூக்கி வந்தனர். களிமண் பூசிய வாய் பிரியவில்லை, அரிசி நனையவில்லை. முறிந்த வாங்குகள் விறகாயின. தேங்காய்க்குக் குறைவில்லை. விழுந்து கிடந்த தென்னை ஒவ்வொன்றிலும் குலை குலையாக இருந்தது. அந்த மாமிதான் திருவலையின் முன்னே அமர்ந்து இரண்டு நாளும் தேங்காய் துருவினார். நான் அதுவரை உண்டவற்றுள் மிகக் கொழுத்த பாற்கஞ்சி அதுதான். அவ்வளவு தேங்காய்ப்பால் அதன்பின் பல ஆண்டுகளாக எங்களுக்குக் கிடைக்கவில்லை. மாவட்டத்துத் தென்னைகளிற் பெரும்பகுதி அந்த ஓரிரவிலே அழிந்தது. புதிதாக நட்ட கன்று காய்ப்பதற்கோ ஐந்தாறு ஆண்டுகளேனும் வேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்பவர் என்பது எங்கள் ஊர் வழக்கு. சூறாவளிக்குப் பின்னர் பிட்டிலே தேங்காய்ப்பூ இல்லாது போயிற்று. பின்வந்த போர்க்காலத்தில் அவ்வழக்கின் மற்றப் பொருளும் புண்பட்டது. ஆயினும் அந்தத் தாய், மூன்று கிழமை கழித்து, தாவணியைத் தோய்த்து மடித்து எங்கள் கொட்டிலுக்குத் தாமே கொண்டுவந்து தந்தார் என்பதையும் நான் சொல்லவேண்டும்.

அந்தக் கஞ்சியின் பக்குவத்தை இல்லத்தரசிகளுக்குச் சொல்லிவிடுகின்றேன். சிவப்பரிசி ஒரு சுண்டு, வறுத்த பயறு கால் சுண்டு. இரண்டையும் கழுவி, எட்டுச் சுண்டு தண்ணீரில் குழைய அவிக்கவேண்டும். இடித்த இஞ்சி ஒரு துண்டு, உள்ளி ஆறு பல்லு, மிளகும் சீரகமும் ஒவ்வொரு தேக்கரண்டி ஆகியவற்றை இரண்டாம் பாலுடன் சேர்த்துக் கொதிக்கவிடுக. இறக்கும் வேளையிலே முதற் பாலும் உப்பும் இட்டு ஒருமுறை துழாவினாற் போதும். முதற் பால் சேர்த்தபின் கொதித்தால் திரைந்துவிடும். ஒரு துண்டு கருவாட்டைச் சுட்டு அருகில் வைத்தால் மழை எவ்வளவு பெய்தாலும் கவலையில்லை.

அம்மம்மா இன்று இல்லை. நானும் அம்மம்மாவாகிவிட்டேன். எங்கள் கூரை இன்று ஓட்டுக் கூரை. மழை பெய்தாலும் கடைக்குப் போய் அரிசி வாங்கி வரலாம். அம்மம்மா செய்தது எல்லாம் பலித்தது என்று நான் சொல்லமாட்டேன். கூரைக்கு இட்ட காசு காற்றோடு போயிற்று. கேட்ட பட்டும் எனக்குக் கிடைக்கவில்லை; அந்த ஆசையும் பொய்யான ஆசையன்று. ஆனால் பிள்ளையின் வேடத்துக்காகத் தம் கூறையைப் பிரித்தவரும், அதே பிள்ளையின் வயிற்றுக்காகச் சாடியின் வாயை அடைத்தவரும் ஒருவரே. அவரை ஒருநாள் மறுத்துப் பேசினேன். பின்னர் ஒருநாள் பலரறிய ஒப்புக்கொண்டேன். இரண்டாவதற்கு எனக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. எல்லோருக்கும் அது கிடைப்பதில்லை.

அண்மையிலே பேத்தி வந்து, சரஸ்வதி பூசைக்கு வேடம் வேண்டும் என்றாள். பட்டணத்திலே வாடகைக்கு எடுக்கலாம் என்று அவளுடைய தாய் சொன்னாள். எடுக்கட்டும், பிள்ளை ஆசைப்படுகிறாள். நான் தகரப் பெட்டியைத் திறந்து, பழுப்பேறிய தாவணியைக் காட்டினேன். அவள் சரிகையைத் தடவிப் பார்த்து, “இது ஆருட?” என்று கேட்டாள்.

வெளியே முதல் மழை தூறிக்கொண்டிருந்தது. அடுப்பிலே கஞ்சியை வைத்துவிட்டு வந்து அமர்ந்து, அவளுக்குத் தொடக்கத்திலிருந்து சொன்னேன்.