அலையோரத் தூண்டிலும் முழங்கால் அளவு தண்ணீரும்

சிட்னிக்குப் புதுசா வந்திருக்கிற நம்ம பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தர் போன வாரம் போன் பண்ணினார். "அண்ணே, கடல்ல ஃப்ளை ஃபிஷிங் போறீங்களாமே, எந்த பீச் பயமில்லாம இருக்கும்?" போன்ல சொன்னதைக் கொஞ்சம் விரிவா இங்கே எழுதிடறேன். இன்னும் நாலு பேருக்கு உபயோகப்படும்.

நமக்குச் சொந்த ஊர் சித்தூர் பக்கம் வெதுருகுப்பம். கடலைப் பார்க்கணும்னா மெட்ராஸுக்கு பஸ் ஏறணும். தெலுங்குல வெதுருன்னா மூங்கில். மூங்கில் கழியில மண்புழு கோத்து ஏரியில கெளுத்தி பிடிச்சதுதான் நம்ம அனுபவம். ஏரித் தண்ணி நின்ன இடத்துல நிக்கும். கடல் அப்படி இல்லை. நீச்சல் தெரியாமலே விமானம் ஏறினவங்க நம்மள்ல நிறைய பேர். 2024 ஜனவரியில் விக்டோரியா மாநிலத்து பிலிப் தீவில், ஃபாரஸ்ட் கேவ்ஸ் கடற்கரையில், இந்திய வம்சாவளியினர் நாலு பேர் மூழ்கிப் போனாங்க. உயிர்காவலர் இல்லாத கடற்கரை அது. அந்தச் செய்தி வந்த நாள் எங்க வீட்ல யாரும் சரியா சாப்பிடலை.

சரி, விஷயத்துக்கு வர்றேன். ஃப்ளை ராட்ல ஈயக்குண்டு கிடையாது. கனமான லைனைத்தான் வீசறோம். அதனால சாதாரண பீச் ராட் அளவுக்குத் தூரம் போகாது. இன்னும் நாலடி முன்னால போனா மீன் இருக்கிற இடம் எட்டுமேன்னு கால் தானா தண்ணிக்குள்ள போகும். ஆபத்து அங்கேதான். ஆஸ்திரேலியன் சால்மன், டெய்லர் எல்லாம் சுத்துறது மணல்திட்டுக்கு நடுவுல இருக்கிற ஆழமான பள்ளத்துல. கரைக்கு வந்த தண்ணி கடலுக்குத் திரும்புற வழியும் பெரும்பாலும் அதேதான். இதைத்தான் ரிப்னு சொல்றாங்க. ரெண்டு பக்கமும் வெள்ளையா நுரை பொங்கும்போது நடுவுல மட்டும் அலை உடையாம, கரும்பச்சையா, சாதுவா தெரியும். விவரம் தெரியாதவங்க குழந்தைகளை இறக்கிவிடுறது சரியா அந்த இடத்துலதான்.

எந்த பீச்? சிட்னிப் பல்கலைக்கழகத்து ஆண்ட்ரூ ஷார்ட் இந்த நாட்டின் 10,000-க்கும் மேற்பட்ட கடற்கரைகளை ஆராய்ந்து, ஆபத்தை 1 முதல் 10 வரை மதிப்பிட்டு வெச்சிருக்கார். பீச்சேஃப் தளத்தில் பேரைப் போட்டா வரும். அவர் 1976 முதல் அளந்துவந்த நாரபீன் நம்ம வடக்குக் கடற்கரையிலேயே இருக்கு. அதோட தெற்கு முனை, காலராய் பக்கம், லாங் ரீஃபோட மறைவுல இருக்கிறதால தெற்கிலிருந்து வர்ற அலை அங்கே அடங்கிடும். புதுசா பழகறவங்களுக்கு அது தேவலை. ஆனா எந்த பீச்சும் எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்காது. அன்னிக்கு அலையைப் பார்த்துத்தான் முடிவு பண்ணணும்.

நான் கடைப்பிடிக்கிறது இவ்வளவுதான். போனதும் கால் மணி நேரம் மேட்டுல நின்னு கடலைப் பார்ப்பேன். பெரிய அலைகள் விட்டு விட்டுக் கூட்டமாத்தான் வரும். உயிர்காவலர் இருக்கிற பீச்சா பார்த்து, சிவப்பு-மஞ்சள் கொடிக்கு நல்லா தள்ளி நிப்பேன், பின்னால வீசும்போது கொக்கி யார் மேலேயும் படக்கூடாதில்லையா. லைன் அலையில சிக்காம இருக்க இடுப்புல கூடை. பள்ளத்துக்கு எதிரே நிக்காம, பக்கத்து மணல்திட்டு ஓரத்துல நின்னு பள்ளத்தோட விளிம்புக்குக் குறுக்கா வீசுவேன். தண்ணி முழங்காலுக்கு மேல ஏறினா பின்வாங்கிடணும். இது தங்கமணி போட்ட சட்டம், மேல்முறையீடு கிடையாது :-)

பாறை மேல நின்னு மீன் பிடிக்கிறதை நான் தொடறதே இல்லை. 2016-ல் நியூ சவுத் வேல்ஸ் அரசு அதுக்குத் தனிச் சட்டமே போட்டது. அமலில் உள்ள இடங்கள்ல லைஃப் ஜாக்கெட் கட்டாயம். மணல்ல பிடிக்கிறதா இருந்தாலும் மீன்பிடி உரிமக் கட்டணம் கட்டிடுங்க.

ரிப்ல மாட்டினா அதை எதிர்த்து நீந்தி மூச்சை விட்டுடாதீங்க. மிதந்துகிட்டே கையைத் தூக்குங்க. கரையில் இருப்பவர் பின்னாலேயே குதிக்க வேண்டாம். உயிர்காவலரைக் கூப்பிடணும், இல்லேன்னா 000.

என் பையனுக்கு 14 வயசு. ராட் கைக்கு வரணும்னா முதல்ல ஒரு பரீட்சை: "இன்னைக்கு ரிப் எங்கடா?" அவன் விரல் நீட்டற இடம் சரியா இருந்தாத்தான் பெட்டியைத் திறப்பேன். இப்பல்லாம் என்னை விடச் சீக்கிரமா அவன் கண்டுபிடிச்சிடறான்.